ஒரு பாடத்தை விட்டால்

இந்த ஊர்க் கல்லூரியில் ஒரு பாடம் பிடிக்கவில்லையென்றால், பேருந்தில் உட்கார்ந்தபடியே கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தி அதை விட்டுவிடலாம். யாரும் அப்பாவை அழைத்துவரச் சொல்வதில்லை. நியூ ஜெர்சிக்கு வந்து, நாற்பது வயதில் நர்சிங் படிக்கச் சேர்ந்த எனக்கு இது இன்னும் விநோதம்தான். அம்பத்தூரில் நான் படித்தபோது பாடத்தை நாம் விட முடியாது; அரியராக அது நம்மைத் தொடரும். என் அண்ணன் சேகரின் கணக்கு அரியர் அவன் கல்யாணப் பந்தல் வரை கூடவே வந்தது.

சென்ற பருவத்தின் நடுவில், ஆவடிக்குப் பக்கத்து அண்ணனூரில் அண்ணனோடு இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று முடிவானது. நான்கு பாடங்களையும் விட்டுவிட்டுக் கிளம்ப நினைத்தேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்கலாமென்று உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த டெனிஸ் என்ற அம்மாள், "விட்டால் நீ ஃபுல் டைம் இல்லை" என்றார். "நான் வேலைக்கே போகவில்லையே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். ஃபுல் டைம் என்றால் முழுநேர மாணவி; ஒரு பாடத்தை விட்டாலே அந்தக் கணக்கு போய் உதவித்தொகை குறையலாம். எல்லாவற்றையும் நடுவில் விட்டால், வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். எடுத்த பாடங்களை முடிக்காதவளுக்கு அடுத்த ஆண்டு உதவி கிடைப்பதும் சந்தேகம். முறையிடலாம், உறுதி கிடையாது. அந்த உதவி இல்லையென்றால் எனக்குப் படிப்பே இல்லை.

வெளியே வந்து அண்ணனை அழைத்தேன்.

"கோர்ஸ ட்ராப் பண்ணலாமான்னு பாக்கறேண்ணே."

"ட்ராப்பா? யார எங்க இட்டுகினு போய் உடணும்?"

வண்டியில் கொண்டுபோய் விடுவதுதான் அவனுக்கு ட்ராப். விஷயம் புரிந்ததும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

"நீ வந்து இன்னா பண்ணப் போற? உங்கண்ணன் கீறான், அண்ணி கீறா. படிப்ப உட்டுட்டு வந்து நீ என் எதிர்ல நின்னீன்னா, நான் எப்பிடிமா எந்திரிச்சி நடப்பேன்?"

நான் எதையும் விடவில்லை. ஆபரேஷன் நடந்த அன்று, உடற்கூறியல் வகுப்பில் பிளாஸ்டிக் முழங்கால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் எலும்புகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் எனக்கு விடை மறந்துவிட்டதென்று நினைத்து, மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

நான்கிலும் தேறி, விடுமுறையில் அண்ணனூர் போனேன். அம்மா தடியை ஊன்றி வந்து தானே கேட்டைத் திறந்தாள். மதியம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "எப்பமா ஊட்டுக்குப் போற?" என்றாள்.

"காலேஜ் தொறக்கறதுக்குள்ள போணும்மா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், வீடு என்றதும் இருவருமே நியூ ஜெர்சியை நினைத்தது உறைத்தது. அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். வெளியே ஆவடி போகும் ரயில் நின்று, கிளம்பிப் போனது.