புள்ளியில் தொடங்கிய கோப்புகள்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்சந்தில் உள்ள போட்டோ ஸ்டூடியோவில், எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே ஃபோல்டரில் இணைத்துக் கொடுத்தவள் ஜெபமலர். போனக்காட்டுத் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவள். வீட்டில் முதல் பட்டதாரி. படங்கள் ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கும். கவுண்டரில் அவளுடைய விண்டோஸிலும், உள்ளறையில் முதலாளி சிபியின் மாக் கம்ப்யூட்டரிலும் அதே படங்களைத் திறக்கலாம். “ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்கு வெளங்காதும்மா, நடுவுல நான்தான் துபாஷி” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் ஃபோல்டரைத் துப்புரவாக்கும்போது, சில படங்களுக்குப் பக்கத்தில் அதே பெயரில், முன்னால் புள்ளியும் கோடும் போட்ட சின்னக் கோப்புகள் கிடந்தன. திறந்து பார்த்தாள், திறக்கவில்லை. குப்பை என்று எல்லாவற்றையும் அழித்தாள். நெட்வொர்க்கில் அழித்தவை ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை.

மறுநாள் சிபி உள்ளிருந்து தம் மலையாளம் கலந்த தமிழில் கூப்பிட்டார். “நாகேஸ்வரன் சார் வெச்ச சிவப்பு ஒண்ணும் காணல்லியே, ஜெபா?”

நாகேஸ்வரன் பக்கத்துக் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்துக்காரர். தம் சதாபிஷேகப் படங்களில் ஆல்பத்துக்கு வேண்டியவற்றை அந்த மாக்கின் முன் உட்கார்ந்து அவரே தேர்ந்தெடுத்தார்; அவர் விரல் காட்டிய படங்களுக்கு சிபி சிவப்பு அடையாளம் வைத்தார். ஆல்பம் அச்சுக்குப் போவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜெபமலர் தான் அழித்ததைச் சொன்னாள்.

“அது வேஸ்ட் அல்ல மோளே. நாம வைக்கிற கலரை மாக் அந்தக் குட்டி பைல்லதான் சூக்ஷிச்சு வெக்கிறது” என்றார் சிபி. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. “சாரமில்ல, போனது போட்டும். நீயும் அன்னிக்குக் கூட நின்னதல்லே. ஓர்மையுள்ளதை வெச்சு சிவப்பு போடு. சாரோட மாமிக்கு எங்ஙன தெரியும்?”

போட்டாள். நினைவிருந்த சிலவற்றுக்கும், நினைவில்லாத பலவற்றுக்கும்.

நாகேஸ்வரனின் மனைவி வாலாம்பாள் வந்து மாக்கின் முன் உட்கார்ந்தாள். “அவர் எடுத்து வெச்சதை மட்டும் காட்டுடிம்மா. நான் ஒண்ணும் மாத்தப் போறதில்லை.”

ஒவ்வொரு படமாக நகர்ந்தது. ஒன்றில் வாலாம்பாள் கையைத் தூக்கி நிறுத்தினாள். அபிஷேகம் முடிந்து நனைந்த தலையோடு நாகேஸ்வரன். பக்கத்தில் அவள், வாய்விட்டுச் சிரித்தபடி.

“இது வேண்டவே வேண்டாம், நன்னாவே இல்லைன்னு ஆத்துல வந்து சொன்னாரே.” திரைக்கு இன்னும் கிட்டே போனாள். “சொல்லிட்டு, எடுத்து வெச்சிருக்கார் பாரேன். நான் சிரிக்கறேனோல்லியோ, அதுக்காகத்தான்.” முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். “எங்கிட்ட சொல்லவே இல்லை, மனுஷர்.”

ஜெபமலரின் கை மௌஸிலேயே நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்தம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். ஆனால் இறந்தவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக அல்லவா ஆக்கிவிட்டோம்.

“மாமி, அது சார் வெச்சதில்ல.”

“பின்னே?”

“அவர் வெச்சதெல்லாம் என் கையால அழிஞ்சிருச்சு. இதெல்லாம் நான் வெச்சது.”

வாலாம்பாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எல்லாமுமா?”

“சிலது அவரு சொன்னது நெனவிருந்துச்சு. இது இல்ல.”

உள்ளறை வாசலில் நின்ற சிபி மெல்ல நகர்ந்துவிட்டார். வாலாம்பாள் நாற்காலியை ஜெபமலரிடமிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

“சிவப்பையெல்லாம் எடு” என்றாள். “முதல்லேர்ந்து காட்டு. நானே பார்த்துக்கறேன்.”

ஜெபமலர் ஒவ்வொன்றாக எடுத்தாள். அந்தச் சிரிப்புப் படமும் வந்தது. அதிலிருந்தும் சிவப்பை எடுத்தாள்.