வலப்பக்கம் உட்கார்ந்தவ

கோயில்ல வச்சுத்தான் எனக்கு முதல்ல தெரிய வந்துச்சு. எனக்குப் பின்னால நடந்து வந்த ஒரு பொம்பளை பக்கத்துல இருந்தவகிட்ட, "இந்தா போறாள்ல, இவதான் ஜீப்பு ஓட்டுற டீச்சரு"ன்னா. போடியில நமக்குத் தெரியாம அப்படி ஒரு டீச்சரான்னு ஆசையாத் திரும்பிப் பார்த்தேன். ரெண்டு பேரும் என்னையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. ஆத்தாடி! கையில இருந்த தேங்காமூடி நழுவிக் கீழ விழுந்து உருண்டு போச்சு. குனிஞ்சு எடுக்கக்கூடத் தோணலை.

நான் ஜீப்பு ஓட்டுறேனா? எனக்கு சைக்கிள்கூட மிதிக்கத் தெரியாது.

ஜீப்பு எங்க வீட்டுல இருந்தது நிசம்தான். ரெண்டாவது உலகச் சண்டை முடிஞ்சதும் பட்டாளத்துல கழிச்சு விட்ட வண்டிகளை ஏலம் போட்டாங்க. அதுக கை மாறிக் கை மாறி, அம்பதுகள்ல எங்க பக்கமும் நாலஞ்சு வந்து சேர்ந்துச்சு. எல்லாம் மலைக்குத்தான். தோட்டத்துக்கு ஆள் ஏத்தவும், ஏலக்கா மூட்டை இறக்கவும். எங்க வீட்டுக்காரரு பஜார்ல ஏலக்கா கடை வச்சிருந்தாரு. அவரும் மதுரைக்குப் போயி ஒண்ணை ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்துனாரு. மலையில தோட்டம் வாங்கிட்டாருன்னு ஊரு நினைச்சுச்சு. தோட்டமாவது துரவாவது! மலை ரோட்டுல ரெண்டு வளைவு ஏறுனா மனுசன் வாந்தி எடுத்துருவாரு. வீட்டுல இருந்து கடைக்கு, கடையில இருந்து வீட்டுக்கு, போற வழியில என்னைப் பொண்ணுக பள்ளிக்கூடத்துல இறக்கி விட. இதுக்குத்தான் பாறை மேல ஏறுற வண்டி. நடந்தா பத்து நிமிசம். வண்டியில போனா பதினஞ்சு, ஏன்னா கிளப்புறதுக்கே அஞ்சு நிமிசம் ஆகும்.

கதவு கிடையாது. மடியில பையை வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும். சந்தை நாள்ல அது போடுற சத்தத்துல கூளவண்டி மாடு மிரண்டு வைக்கோலோட கடைக்குள்ள புகுந்திருக்கு. பள்ளிக்கூடத்துல இறங்குறப்ப என் தலை, புருவம், சேலை எல்லாம் செம்மண்ணு. பிள்ளைக வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த வண்டிக்கு ஸ்டியரிங்கு இடது பக்கம். அது செஞ்ச நாட்டுல ரோட்டுக்கு வலப்பக்கமாப் போவாங்களாம். நம்ம ஊர்ல இடப்பக்கமாப் போறப்ப, ஓட்டுறவரு சாக்கடை ஓரமா உட்கார்ந்திருப்பாரு. எதிர்ல என்ன வருதுன்னு அவருக்குத் தெரியாது. நடுரோட்டுப் பக்கம் இருக்கிற நான்தான் எட்டிப் பார்த்து, "பஸ்சு வருது, இருங்க", "ம், இப்ப வெரசாப் போங்க"ன்னு சொல்லணும். வலது பக்கம் திரும்பணும்னா கையை நீட்டிக் காட்டுறதும் நான்தான். ஊருக்குத் தெரிஞ்ச பஸ்சு, லாரி எல்லாத்துலயும் டிரைவரு வலது பக்கம். எங்க வண்டியில வலது பக்கம் ஒரு பொம்பளை, எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டு, கையைக் கையை நீட்டிக்கிட்டு. மலை ஜீப்புல முன்னாடியே நாலு பேரு நெருக்கி உட்கார்ந்து போவாங்க, அதுல ஓட்டுறது எவன்னு எவன் கண்டான்? ஊரு என்னத்தை நினைக்கும்!

வீட்டுல வந்து அழாத குறையாச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விடு"ன்னாரு. மாமியாளுக்கு மட்டும் சிரிப்பு வரலை. மாமனார் காலமாகி, வயசுக்கு வந்த மகளை வச்சிருக்கிற வீடு. "இதெல்லாம் எங்க போயி முடியப்போகுதோ"ன்னு அன்னைக்கே சொன்னாங்க.

அந்த மக, என் நாத்தனா, தலை நிமிர்ந்து பேசாத பொண்ணு. அவளுக்கு ராசிங்காபுரத்துல ஒரு இடம் அமைஞ்சிருந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுவிட்ட அத்தை முறை. புருசன் போன பிறகு வயக்காட்டை ஒத்தையாப் பார்த்து, ஒரே மகனைப் படிக்க வச்சவுங்க. மாப்பிள்ளையைப் பொங்கல்ல பார்த்ததுல இருந்து எங்க நாத்தனா கண்ணாடியை விட்டு நகரலை. "மதினி, இந்தச் சேலை எனக்கு நல்லா இருக்கா?"ன்னு நாளைக்கு நாலு தடவை கேட்பா. அவளுக்கு அந்த வீட்டுக்குப் போகணும், வேற எங்கயும் போக வேணாம். அது எங்க எல்லாருக்கும் தெரியும்.

பூ வைக்க வந்தப்ப அந்தம்மா, இவளை எப்படிப் பிடிச்சுச்சுன்னு சொன்னாங்க. மலைச்சரிவுல இருக்கிற அவுங்க காபித் தோட்டத்தைப் பார்த்துட்டு நடந்து இறங்கி வர்றப்ப, எங்க ஜீப்பு மேல ஏறி வந்திருக்கு. "அண்ணனும் தங்கச்சியும் வந்தாக. புள்ள அங்கிட்டு இங்கிட்டுப் பார்க்கலை. மலையைப் பார்க்கலை, பள்ளத்தைப் பார்க்கலை, என்னையக்கூடப் பார்க்கலை. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கலையே! இப்படி அடக்கமான புள்ள எங்க கிடைக்கும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்"னாங்க. எங்க மாமியாளுக்கு முகமெல்லாம் பல்லு. எனக்கு மட்டும் சுருக்குன்னுச்சு. தங்கச்சிக்கு மலை காட்ட மட்டும் தலை சுத்தலையோ? கட்டுனவளுக்கு மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் காட்டக்கூட மனசில்லை. அன்னைக்குப் பூராவும் அவருகிட்ட நான் பேசலை. அவரும் ஏன்னு கேட்கலை, அதுவே எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

பூ வச்சு ஒரு மாசம் ஆகலை, அந்தம்மா திரும்ப வந்தாங்க. சேலை கசங்கி, பஸ்சை விட்டு இறங்கி வேகமா நடந்து வந்த மாதிரி இருந்துச்சு. கொடுத்த தண்ணியை வாங்கலை.

"தப்பா எடுத்துக்கிறாதீக. நம்ம சொந்தம் இருக்கட்டும், சம்பந்தம் வேணாம். உங்க வீட்டு மருமக ஜீப்பு ஓட்டுறான்னு எங்க ஊர் களத்துமேடு வரைக்கும் பேச்சு. நாளைக்கு என் வீட்டுக்கு வர்ற புள்ளையையும் அப்படித்தானே சொல்லுவாக?"

எங்க மாமியா அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. கதவுக்குப் பின்னால இருந்த நாத்தனா வெளிய வந்துட்டா. அவ மூஞ்சியில ரத்தமே இல்லை. அழுதிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க! நான் செய்யாத ஒண்ணுக்கு இந்தப் புள்ள வாழ்க்கை போறதா?

எனக்கு வந்துச்சே கோவம். "வாங்கம்மா"ன்னு அவுங்க கையைப் பிடிச்சுட்டேன். "வந்து உங்க கண்ணாலயே பார்த்துட்டுச் சொல்லுங்க."

எங்க வீட்டுக்காரரு குறுக்க வந்தாரு. "ஏய், விடு. அத்தை களைச்சு வந்திருக்காக. பொறகு பேசிக்கிடலாம்."

"பொறகு என்ன பொறகு? நீங்க சிரிச்சுச் சிரிச்சுத்தான் இம்புட்டும் வந்துச்சு. தள்ளுங்க."

"வேணாம்டி, சொன்னாக் கேளு"ன்னு மெதுவாச் சொன்னாரு. மனுசனுக்கு வேர்த்திருந்துச்சு. நான் எங்க கேட்டேன்? தவளை தன் வாயால கெடும்ங்கிறது சும்மாவா?

அந்தம்மாளை ஜீப்புக்குக் கூட்டிட்டுப் போயி, நான் தினமும் உட்கார்ற வலப்பக்கத்துச் சீட்டுல உட்கார வச்சேன். "இந்தா, இதுதான் என் இடம். இங்க ஸ்டியரிங்கு இருக்கா? தேடிப் பாருங்க." அவுங்க நிசமாவே முன்னால கையை விட்டுத் துழாவுனாங்க. பிடிச்சுக்கிற கம்பிதான் தட்டுப்பட்டுச்சு. "அந்தா, அங்க இருக்கு பாருங்க, இடது பக்கம். இந்த வண்டியில யாரு இடது பக்கம் உட்கார்றாகளோ அவுகதான் ஓட்டுறது. வலது பக்கம் இருக்கிறவுக சும்மா வேடிக்கை பார்க்கிறவுக. இதை நான் கோயில்ல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்."

அந்தம்மா ஸ்டியரிங்கைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. "ஆமாத்தா"ன்னாங்க. "பாவி ஊரு, உன் மேல வீண்பழி போட்டிருக்கு." எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஜெயிச்சுட்டேன்னு நாத்தனாளைத் திரும்பிப் பார்த்தேன். அவ சந்தோசப்படலை. அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

அந்தம்மா சீட்டை விட்டு இறங்கலை. யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க. "யாரு இடது பக்கம் உட்கார்றாகளோ அவுகதான் ஓட்டுறது"ன்னு நான் சொன்னதைத் திரும்பச் சொன்னாங்க. "ஏய்யா, அன்னைக்கு மலையில நீ வலது பக்கம்ல உட்கார்ந்திருந்த?"

எங்க வீட்டுக்காரரு துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சாரு.

"கண்ணை வேற மூடிக்கிட்டு இருந்த. சாமியைக் கும்பிட்டுக்கிட்டே ஓட்டுறான் போல, பக்திமான்னு நினைச்சேனே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தலை சுத்துற மனுசன் மலை ஏறுன கதை இதுதானா! என்னை ஊரு ஜீப்புக்காரின்னு பேசுறப்ப இவரு விழுந்து விழுந்து சிரிச்சது இதுக்குத்தானா! அடப்பாவி மனுசா! ஒரே வீட்டுல ஒரே சட்டியில சோறு தின்னுக்கிட்டு, இத்தனை நாளா வாயைத் திறக்கலையே ரெண்டு பேரும்.

"அது வேற ஜீப்பா இருக்கும் அத்தை"ன்னு இழுத்தாரு எங்க வீட்டுக்காரரு.

"நான்தான் ஓட்டுனேன்"னா நாத்தனா. அப்படி ஒரு சத்தத்துல அவ பேசி நான் கேட்டதில்லை. "அண்ணனுக்கு மலை ஒத்துக்கலை. சரக்குப் பார்க்க மேல போக வேண்டிய சோலி இருந்துச்சு. நானே கத்துக் கொடுன்னு கேட்டேன். மதினிக்கு ஒண்ணும் தெரியாது."

எங்க மாமியா தலையில அடிச்சுக்கிட்டாங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாக. என் பேரைக் கழுவப் போயி, அவ வாழ்க்கையை நானே என் கையால கெடுத்துட்டேனே!

அந்தம்மா வெத்திலையை மடிச்சு வாயில போட்டு ரொம்ப நேரம் மென்னாங்க. அப்புறம், "மேட்டுல ஏறுறப்ப வண்டி பின்னால வந்துராதா?"ன்னு கேட்டாங்க.

"சின்னக் கம்பியைப் போட்டா நாலு சக்கரமும் இழுக்கும், அத்தை. வராது."

"பயமா இல்லை?"

"மொத நாள் இருந்துச்சு."

அந்தம்மா இறங்கி, சேலையை உதறிச் சொருகிக்கிட்டாங்க. "வீட்டுக்கு ஆகிற புள்ளதான். தையில வச்சுக்கிடலாம்"னாங்க. எங்க மாமியா அழுதுக்கிட்டே கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்கு உயிர் திரும்பி வந்துச்சு. அது ஒரு நொடிதான்.

"ஒண்ணே ஒண்ணு"ன்னு என் பக்கம் விரலை நீட்டுனாங்க. "இவ இனிமே இந்த வண்டியில ஏறக் கூடாது."

நான் காதுல சரியா விழலைன்னு நினைச்சேன். "நானா? நான் ஓட்டலைன்னு இப்பத்தானே ஒத்துக்கிட்டீக?"

"நீ ஓட்டலைன்னு எனக்குத் தெரியும்த்தா. ஊருக்குத் தெரியாதுல்ல? ஊரு பார்த்தது உன்னையத்தானே?"

"அப்ப உங்க மருமக?"

"அவளை எவன் பார்த்தான்? நானே பக்கத்துல நின்னு பார்த்துட்டு அடக்கமான புள்ளைன்னேன். வலது பக்கம் ஒரு ஆம்பளை உட்கார்ந்திருந்தா ஒருத்தனும் ஒண்ணும் கேட்கப் போறதில்லை."

எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை பேசுவாருன்னு பார்த்தேன். அவரு டயரைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. நாத்தனா என்னைப் பார்த்தா. "மதினி"ன்னா. அந்தக் கண்ணைப் பார்த்துட்டு மாட்டேன்னு எப்படிச் சொல்ல? சரின்னேன்.

மறுநாள்ல இருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன். ரெண்டாம் நாளே ஜீப்பு என்னைத் தாண்டிப் போச்சு. எங்க வீட்டுக்காரரு வலது பக்கம் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டுறாரு. அந்தப் பக்கம் நாத்தனா, முக்காடு போட்டு, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காம, பஜார் நடுவுல ஓட்டிட்டுப் போறா. பட்டப்பகல். கடை வாசல்ல நின்ன ஒருத்தரு துண்டை எடுத்துட்டு அவருக்குக் கும்பிடு போட்டு, "பார்த்துப் போங்கண்ணே, மாடு வருது"ங்கிறாரு. அத்தனை கண்ணு பார்த்துச்சு, ஒருத்தரும் பார்க்கலை. நான் புழுதிக்குள்ள வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன்.

அந்த வாரக் கடைசியில எங்க தலைமை டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. கல்யாண லீவு கேட்டிருந்தேன், அதைப் பத்தித்தான்னு போனேன். உட்காரச் சொன்னாங்க. எழுந்து வந்து என் தோள்ல கையை வச்சாங்க.

"ஜீப்பு ஓட்டுறதை நிறுத்திட்டீங்களாமே. கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோசம்மா. புத்தி வர்றதுக்கு நேரம் காலம் இல்லை."

நான் அவுங்க மூஞ்சியவே பார்த்தேன். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, தையில வச்சிருக்கிற கல்யாணம் என்னாகும்?

"ஆமாங்கம்மா, நிறுத்திட்டேன்"னு சொல்லிட்டு வகுப்புக்குப் போனேன்.