அழுத்தக்காரி

"ஊதும்மா, ஜல்தி ஜல்தி," என்று டெல்லி கிட்வாய் நகர் டாக்டரம்மா என் பேத்தி வித்யாவின் முகத்துக்கு நேரே காகிதக் காற்றாடியைப் பிடித்தார். வகுப்பில் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் வெறித்துப் பார்க்கிறாள், பிடிவாதம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பதற்றம் வந்தால் எதையாவது எண்ணுவது என் பழக்கம். ஊதல்களை எண்ணினேன். முப்பத்தொன்றில் காற்றாடி நின்றது. வித்யாவின் கண்கள் திறந்தே இருந்தன. இமைகள் மட்டும் துடித்தன.

எனக்கு ஈர விறகின் புகை மணத்தது. சின்ன வயதில் எங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸ் சமையலறையில் என் அக்கா கமலா ஊதுகுழலோடு குந்தியிருப்பாள். ஊதிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு அடுப்பையே பார்ப்பாள். பன்னிரண்டு எண்ணுவதற்குள் மறுபடி ஊதப் போவாள், எதுவும் நடக்காததுபோல. அதற்குள் அம்மா குழலைப் பிடுங்கி முதுகில் ஒன்று போட்டிருப்பாள்.

"கூப்பிட்டா வாயைத் திறக்கிறாளா பாரு, அழுத்தக்காரி!"

அடி எதற்கென்று தெரியாமல் அக்கா விழிப்பாள். புகுந்த வீட்டிலும் அவளுக்கு அந்தப் பெயர்தான், சாகும்வரை.

காற்றாடி மறுபடி சுற்றியது.

"பிடிவாதமில்ல சார், இப்படி வெறிச்சு நின்னுபோறதும் ஒரு வலிப்புதான். மூளைக்கு ஈ.ஈ.ஜி. எடுத்து உறுதி பண்ணிடலாம். மாத்திரையில கட்டுப்படும். உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்ததா?" என்று டாக்டரம்மா என் மகனிடம் கேட்டார்.

"யாருக்கும் இல்ல டாக்டர்," என்றான் மகன்.

"என் அக்காவுக்கு இருந்தது," என்றேன்.

மகன் திரும்பினான். "கமலா அத்தைக்கா? அவங்க அழுத்தக்காரின்னுதானேப்பா சொல்லுவீங்க?"

நான் காற்றாடியைப் பார்த்தேன்.

"ஊதும்போதுதான் வரும்," என்றேன் டாக்டரிடம்.