பாலுக்குக் காவல்

இந்த ஊரில் விடியற்காலையில் வாசற்படியில் பால் பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கதவைத் தட்டுவதில்லை, கூப்பிடுவதுமில்லை. நான் எழுந்து போய் எடுக்கும்வரை அது தன்பாட்டுக்குத் தெருவில் நிற்கிறது. யாரும் தொடமாட்டார்களாம். சேலத்தில் இதைப் படிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். வந்த புதிதில் நானும் நம்பவில்லை. என்னோடு இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த பெண்கள் குளிரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்தப் பால்தான் உறுத்தல். ஒரு வாரம் ஜன்னல் திரையை விலக்கி வேவு பார்த்தேன். ஒரு சொட்டுப் பாலைக் கட்டைவிரல் நகத்தில் விட்டுச் சாய்த்தும் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் சட்டென்று வழிந்தோடும். இது நகத்தோடு ஒட்டி நின்றது. அப்படியும் சந்தேகம் தீரவில்லை. இத்தனை நல்ல பாலை எந்த தைரியத்தில் இப்படி விட்டுப் போகிறார்கள்?

நகத்தில் விட்டுப் பார்ப்பது அம்மா கற்றுக்கொடுத்தது. ஐம்பதுகளில் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பால் வராது, மாடுதான் வரும். பழனியண்ணன் மாட்டையும் கன்றையும் ஓட்டி வந்து, வாசலில் கட்டி, எங்கள் கண்முன்னால் கறந்து தர வேண்டும். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். கறக்கும் முன் அவருக்கு ஒரு பரீட்சை வைப்பாள். செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட வேண்டும். பால்காரர்கள் சட்டைக்குள் ரப்பர் குழாய் வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு.

"ஏனுங்க டீச்சரம்மா, ஆறு வருசமா ஊத்தறனுங்க. இன்னும் நம்பிக்கை வரலீங்களா?"

"நம்பிக்கையெல்லாம் இருக்குது பழனி. செம்பக் கவுத்து."

பிறகு அடுப்பைக் கவனிக்க உள்ளே போகும்போது என்னைக் காவல் நிறுத்துவாள். "கண்ண எடுக்காம பாரு சாமி." எனக்கு அப்போது பத்து வயது.

அந்தப் பழக்கம் என்னோடு கப்பல் ஏறி வந்துவிட்டது போலும். இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் பாட்டிலின் வெள்ளிக்காகித மூடி கிழிந்திருந்தது. கழுத்தில் திரண்டு நிற்கும் பாலேட்டைக் காணோம். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. நான் அறை எடுத்திருந்த வீட்டில் எனக்கு முன்னால் எழுகிறவர் கீழ் அறையிலிருந்த மிஸஸ் ஹில் ஒருவர்தான். வயதான விதவை. என் வார்டில் நோயாளியாக இருந்தபோது பழக்கம். நிறத்தைப் பார்த்து நான்கு வீடுகளில் எனக்குக் கதவைச் சாத்தியபோது, இந்த வீட்டுக்காரரிடம் பரிந்து பேசி அறை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் நன்றியெல்லாம் நினைவுக்கு வருகிறதா? யாரைப் பார்த்தாலும் அவர் 'லவ்' என்று செல்லமாகக் கூப்பிடுவதுகூட எனக்கு இப்போது நடிப்பாகப் பட்டது. நான்காம் நாள் அவரைப் படியில் மறித்துக்கொண்டேன்.

"பால் வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள், மிஸஸ் ஹில். நானே தருவேன்."

"நோ, தேங்க் யூ, லவ்" என்றார். நான் சொன்னதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டாரோ என்று முதலில் குழம்பினேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டார். புரிந்துதான் இருக்கிறது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி சாப்பாட்டு அறையில் உள்ளூர்ப் பத்திரிகையைப் புரட்டினேன். குளிர்காலத்தில் சிறு குருவிகள் பால் பாட்டில் மூடியைக் கொத்தி ஏட்டைக் குடிப்பதாகவும், பாட்டில்மேல் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைக்கும்படியும் ஒரு மூலையில் போட்டிருந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன். ஏனென்றால் இதை நான் இரண்டாம் தடவையாகச் செய்திருக்கிறேன்.

முதல் தடவை பழனியண்ணனுக்கு. புதுமழை பெய்த வாரம் அது. அவர் கறந்துகொண்டிருந்தபோது ஏற்காடு ரோட்டில் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட, நான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நகத்தில் விட்டாள். பால் ஓடியது.

"நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

இல்லை என்றால் முதுகு பழுத்துவிடும். "அண்ணன் முதுகக் காட்டி உக்காந்துட்டாரும்மா" என்றேன்.

பழனியண்ணன் எழுந்து தெருவே பார்க்கச் சட்டையைக் கழற்றி உதறினார். "சாமி, பாத்தத மட்டும் சொல்லு" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "செரி உடுங்க டீச்சரம்மா, புள்ளைய வெய்யாதீங்க" என்று மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். எங்கள் தெருவில் பிறகு யாரும் அவரிடம் பால் வாங்கவில்லை. அடுத்து வந்தவருடைய பாலும் அந்த மழையில் நகத்தில் ஓடியது. ஈரப்புல் மேய்ந்தால் பால் நீர்த்துப்போகும் என்று அவர் சொன்னார். அம்மா பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் சனிக்கிழமை மாதா கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய், யாரைப் பற்றி என்று சாமியார் கேட்கவில்லை. பரிகாரமாக மாதாவை நோக்கி மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, எல்லாம் தீர்ந்தது என்று குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பத்திரிகையில் படித்த அன்று மாலையே மிஸஸ் ஹில் கதவைத் தட்டினேன். பத்திரிகையை நீட்டி, திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டேன்.

"குருவிகள்தான் என்று எனக்குத் தெரியும், லவ். என் பாலையும் எத்தனையோ வருஷமாகக் குடிக்கின்றன."

"அப்போதே சொல்லியிருக்கலாமே?"

"நீ நம்பியிருக்கமாட்டாய்" என்றார். பிறகு, முகம் சிவக்க, நான் எடுத்துவிடுவேனோ என்று, நான் குடிவந்த அன்றே தன் கணப்பு நிலக்கரிப் பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டதையும் ஒப்புக்கொண்டார். இருவரும் சிரித்தோம். பழனியண்ணன் நினைவு வர, எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நடந்ததை அம்மாவுக்கு எழுதினேன். பதில் வந்தது. பழனியண்ணன் மாடுகளை விற்றுவிட்டு மல்லசமுத்திரத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம். கண் சரியாகத் தெரிவதில்லையாம். 'இப்போது எதற்கு இதைக் கிளறுகிறாய்?' என்று முடித்திருந்தாள். அவளுக்கும் உறுத்தல் இருந்திருக்கிறது, விலாசத்தைத் தெளிவாக எழுதியிருந்தாள்.

ஒரு ஏரோகிராம், விமானத் தபால் தாள், வாங்கி வந்து உட்கார்ந்தேன். அனுப்புநர் இடத்தில் இந்த ஊர் முகவரியை எழுதினேன். அப்புறம்தான் உறைத்தது, அவருக்குப் படிக்கத் தெரியாது. மருமகனோ அக்கம்பக்கத்தாரோதான் படித்துக் காட்ட வேண்டும். அஸ்தம்பட்டியில் ஒரு வீடு அவரைத் திருடன் என்றது என்ற சேதி, மல்லசமுத்திரத்துக்கு என் கையெழுத்தில்தான் முதன்முதலாகப் போய்ச்சேரும். நேரில் போய்ச் சொல்லலாம். எனக்கு லீவு கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அவருக்கு இப்போதே எழுபதுக்கு மேல்.