எங்கள் தெருவின் கார்ச் சாவிகளும் மகளின் ரேடியோவும்

காலை ஏழு இருபது. எதிர்வீட்டு நர்ஸ் தன் காரின் முன் நின்று ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், டியூட்டிக்குப் போகும் அவசரம். "அண்ணா, உங்க கார் திறக்குதா பாருங்க. என்னுது செத்துப்போச்சு." என்னுடையதும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கராஜ் கதவும் அசையவில்லை. கிரான்பர்ன் புறநகரில் எங்கள் தெருவே வாயடைத்து நின்றது.

பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த என் பதினாறு வயது மகள் இதை ஜன்னலால் பார்த்தாள். தன் மேசைக்குப் போய் ஒரு சுவிட்சை அணைத்தாள். வெளியே நர்ஸின் கார் உடனே திறந்தது. மீண்டும் போட்டாள், ரிமோட் மீண்டும் ஊமையானது. அணைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, இது என்ட வேலைதான்."

தூரத்து வானொலிகளைக் கேட்பதற்கு அவள் ஒரு ரேடியோவைத் தானே செய்திருந்தாள். முதல்நாள் மாலை அதன் ஏரியலோடு, வரும் அலையின் வலுவைக் கூட்டும் ஒரு சிறிய பெருக்கியைச் சேர்த்திருக்கிறாள். சாதாரண டிரான்சிஸ்டர் போதுமான இடத்தில், நல்லது என்று நினைத்து, மிக உயர்ந்த அலைவரிசைக்கான ஒன்றைப் போட்டுவிட்டாள். அத்தனை வேகத்தில் அதன் நீண்ட கம்பிக் கால்களே அதைத் தானாக அதிர வைக்கப் போதுமாம். யாரும் கேட்காமலே அது அலையெழுப்பத் தொடங்கி, கார்ச் சாவிகளின் அலையை அமுக்கிவிட்டது.

நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். ஊரில் நான் வளர்ந்த போர்க்காலத்தில் வீட்டில் வயரும் பற்றரியும் கண்டாலே குண்டு செய்கிறான் என்று ஆமி ஆளைக் கொண்டுபோய்விடும். இங்கேயோ படகில் அகதியாக வந்த எனக்கு இன்னும் தற்காலிக வீசாதான்.

"நிப்பாட்டியாச்சுத்தானே பிள்ளை. பேசாம இரு."

"நர்ஸ் அன்ரி ஏற்கெனவே ரேடியோ அலையளைக் கண்காணிக்கிற அரசாங்க ஒபிசுக்குக் கொம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டா அப்பா. அவையள் வந்து வீடு வீடாத் தேடப்போயினம். நான் செய்ததை நான்தானே சொல்லோணும்."

அந்த அலுவலகத்துக்கே போன் எடுத்து, பெயரையும் முகவரியையும் நிதானமாகச் சொன்னாள். பிறகு தெருவைக் கடந்துபோய் நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டாள். "பரவால்ல கண்ணு, லேட்டுக்கு ஒரு புதுக் காரணம் கிடைச்சுது" என்று அவர் சிரித்தார்.

அன்றே டிரான்சிஸ்டரின் கால்களைக் குட்டையாக நறுக்கி, அந்த வேண்டாத அலையை அடக்க ஒரு காலில் மிளகளவு கறுப்பு மணியொன்றைக் கோத்தாள். சாவிகள் வேலை செய்தன. ரேடியோவும் வேலை செய்தது. நானோ எங்கள் வீசாக் கடிதங்களைத் தேடி எடுத்து அடுக்கி வைத்தேன். தானாகப் போன் எடுத்துச் சொல்லும் அந்தத் துணிவு அவள் வயதில் எனக்கு இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, கூரையில் ஏரியல் வைத்த வெள்ளை வான் வாசலில் நின்றது. இறங்கிய அந்த அலுவலக அதிகாரி ஒரு பெண். அவர் வாய் திறக்குமுன் எங்கள் வீசாக் கடிதங்களையெல்லாம் நீட்டினேன்.

"அதை உள்ளே வையுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "நாங்கள் நாள் முழுக்கத் தேட வேண்டியதை உங்கள் மகள் ஒரே போனில் முடித்துவிட்டாள். எங்கே அந்த ரேடியோ? போடச் சொல்லுங்கள், நானும் கேட்கிறேன்."