மருந்து கொட்டாத தொட்டி

பிள்ளைகளே, போன மழைக்காலத்தில் நம் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தொட்டிகளில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தபோது, நீங்கள் இருவரும் என்னோடு பேசவே இல்லை. அப்பா நான் ஏன் கல்லுப்போல நின்றேன் என்று இப்போது சொல்கிறேன்.

அதற்கு முந்தின மழையிலும் இதே கதைதான். உடம்பெல்லாம் சிவப்புப் புண் வந்து ஒரு மீனும் மிஞ்சவில்லை. இன்னொரு தடவை இப்படி நாறினால் தொட்டிகளை உடைத்துவிடுவேன் என்று தோட்ட மேனேஜர் துரை சொல்லிவிட்டார். அப்புறம்தான் பல்கலைக்கழகத்திலிருந்து மீன் ஆராய்ச்சி செய்கிற அந்தப் பெண், நாம் தங்கச்சி என்று கூப்பிடுவோமே, அது வந்தது. அந்தப் புண் நோய்க் கிருமிக்குத் தடுப்பு மருந்து உருவாக்குகிறார்களாம். ஒரு தொட்டிக்கு மருந்து கலந்த தீனி, மற்றதற்கு வெறும் தீனி. நான் சரி என்றேன்.

ரிங்லெட் டவுன் கடையில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. “மீனுக்கே தடுப்பூசியா? அப்ப டாக்டர் சீட்டு காட்டி எம்சி லீவும் உண்டா லா?”

மழை இறங்கியது. நோயும் வந்தது. வெறும் தீனி தின்ற தொட்டியில் மீன்கள் புரண்டன. வேலையாட்களை மேய்க்கும் கங்காணி, கடையில் வாங்கிய புண் மருந்துப் பாக்கெட்டோடு ஓடி வந்தார்.

“தள்ளுய்யா! ரெண்டு தொட்டியிலயும் கொட்டிருவோம்.”

“கொட்டாதீங்கண்ணே. கொட்டிட்டா எது காப்பாத்துச்சின்னு யாருக்குமே தெரியாது.”

“கண்ணு முன்னால சாவுது, நீ கணக்கு பாக்கிறியா? துரை ஒடைக்கப் போறாரு லா!”

“ஒடைக்கட்டும். அடுத்த மழைக்கும் இப்படியே பாக்கெட்டத் தூக்கிட்டு ஓடணுமா?”

குறுக்கே நின்றுகொண்டேன். நீங்கள் அழுதது காதில் விழுந்தது. நான் நகரவில்லை.

வெறும் தீனித் தொட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. மருந்துத் தீனி தின்ற தொட்டியிலும் சில மீன்கள் போயின. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவை வாலை அடித்துக்கொண்டு தீனிக்குச் சண்டை போட்டன. துரை வந்து பார்த்தார். உடைக்கச் சொல்லாமல் திரும்பிப் போனார். தொட்டிகள் இன்னும் நிற்கின்றன. கங்காணியே, “அடுத்த வாட்டி என் குளத்துக்கும் மருந்துத் தீனி கேளுய்யா” என்றார்.

ஒரு தடவை பார்த்தது போதாது, திரும்பவும் செய்ய வேண்டும் என்றது தங்கச்சி. செத்த மீன்கள் வீணாகச் சாகவில்லை என்று காட்ட எனக்கும் வேறு வழி தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு, காலித் தொட்டியில் தனியாக இறங்கி, பாசி போகத் தேய்த்துக் கழுவி, அடுத்த சோதனைக்குத் தண்ணீர் நிரம்பக் குழாயைத் திறந்துவிட்டேன்.