உள்ளூர் மெட்டு

முன்வாசலில் சபையார் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் படுத்திருந்த மதினி எழுந்து உட்கார்ந்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். வெளியே மேசைமேல் சின்னப் பெட்டி. அண்ணனுடைய முதல் பிள்ளை, எட்டே நாள் இருந்த ஆண் குழந்தை. ஞானஸ்நானம் கொடுப்பதற்குக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதக் காலை. போடி மலையிலிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குடைகளுக்கடியில் நின்று எல்லாரும் உரக்கப் பாடினார்கள்.

அடக்க ஆராதனையில் எங்கள் சபையில் வழக்கமாகப் பாடுகிற பாட்டுதான் அது. கூடவே நடக்க முடியாமல் பின்தங்கிப்போன ஒருவன், "சற்று நில்லும்" என்று கர்த்தரைக் கெஞ்சுவதுதான் அதன் பொருள். சொற்களை எழுதியவர் பழைய காலத்து உபதேசியார் ஒருவர். மெட்டு அவருடையதல்ல, இங்கிலாந்தில் ஏதோ ஒரு கோயிலில் ஆர்கன் வாசித்தவர் வேறொரு பாட்டுக்காகப் போட்டது. அடியளவு சரியாக இருந்ததால் யாரோ அதைத் தூக்கி இதன்மேல் வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பு இழுத்து இழுத்துப் பாடுகிற ஒரு மெட்டும் இருந்ததாம். என் காலத்தில் அதை முழுதாகப் பாடத் தெரிந்தவர் யாருமில்லை. மெட்டையும் சொல்லையும் பிரித்துப் பார்க்கலாம் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

மதினிக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு மாதம் கழித்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "தம்பி, அந்தப் பாட்டுல நில்லும்னு ஒரு சொல்லு வருதுல்ல, அந்த எடத்துலதான் எல்லாரும் ஓடுறாக. நில்லுன்னு சொல்லிக்கிட்டே யாராவது ஓடுவாகளா?"

அண்ணனுக்குப் போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம். கடையின் பின்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்களைத் தரம் பிரிப்பார்கள். மதினியும் அவர்களோடு உட்கார்ந்துவிடுவார். கை காயைப் பொறுக்க, வாய் எதையோ முனகிக்கொண்டே இருக்கும். ஓர் அடி வரும், மறுநாள் மாறும், அதற்கடுத்த நாள் பழையபடி திரும்பும். ஒரு வருஷம் போல அது நடந்தது. கடைசியில் உருவான மெட்டில், "நில்லும்" வருகிற இடத்தில் ஒரே சுரம் அசையாமல் நின்றது. அடுத்த அடி எப்போது வரும் என்று கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தரம் பிரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் சபையில் சேராத, சாமி கும்பிடுகிறவர்கள். அவர்களும் அதைப் பாடினார்கள். சபைப் பெண்கள் அடுத்த அடக்கத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் தேனி, பெரியகுளம் வரைக்கும் அது போய்விட்டது.

அப்போது நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தேன். எங்கள் சபையின் ஆண்டுவிழாவுக்கு ஒரு பாட்டுப் புத்தகம் போடுவதாக முடிவாகி, அது நான் வேலை பார்த்த அச்சகத்துக்கே வந்தது. மதினியைப் பாடச்சொல்லி மெட்டைச் சுரப்படுத்தி எழுதினேன். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், முடிந்ததும் கேட்டார்.

"மெட்டுப் போட்டவுக பேரும் போடுவாகளா, தம்பி?"

"போடுவாக, மதினி."

தாளின் மேல்மூலையில் அவர் பேரை எழுதினேன். அச்சுக்கோத்து வந்த தாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கொண்டுவந்து முதலில் அண்ணனிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "ஏலே, வீட்டுப் பொம்பள பேரு கண்டவன் கையிலயும் கெடக்கணுமா? பிள்ள செத்ததுக்குப் பாட்டுக் கட்டுனான்னு பேசுவாக. அடிச்சுரு."

அவர் மிரட்டவில்லை. என்னைப் படிக்கவைத்தவர், ஒரு சொல் எதிர்த்துச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கவும் கூடும். நான் சொல்லிப் பார்க்கவில்லை. மதுரைக்குத் திரும்பி, பேரை அடித்துவிட்டு, "உள்ளூர் மெட்டு" என்று எழுதினேன்.

புத்தகம் வந்த அன்று சபைக் கோயிலில் மதினி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த மெட்டு பாடப்படும்போதெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. பின்கட்டில் முனகலும் நின்றுபோனது. ஊருக்குப் போகும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடியே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஏதாவது காரணம் சொல்லிக் கிளம்பிவிடுவேன். பன்னிரண்டு வருஷம் அப்படியே கழிந்தது. இடையில் அண்ணன் இறந்தபோது எந்த மெட்டில் பாடுவது என்று பாடகர் குழு வந்து கேட்டது. "இங்கிலீஷ் மெட்டுலயே பாடுங்க" என்றார் மதினி. நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் பெரிய பாட்டுப் புத்தகம் ஒன்றைத் தொகுக்கிறவர்கள், மெட்டைச் சுரப்படுத்தியவன் நான் என்று கேள்விப்பட்டு எனக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த உள்ளூர் மெட்டைப் போட்டவர் யார், மெட்டுக்குத் தனியாகப் பேர் உண்டா என்று கேட்டிருந்தார்கள். மதினி அப்போது கம்பத்தில் தன் தங்கை வீட்டில் இருந்தார். மறுநாளே போனேன். தண்ணீர் கொடுத்த செம்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடிச்சது நீங்கதான்னு தெரியும்" என்றார். "அவுக சொல்லியிருப்பாக, அதுவும் தெரியும். போடுவாகன்னு சொன்னீகளே, போடலைன்னு ஒரு வார்த்த சொல்லுவீகன்னு பாத்தேன்."

செம்பைக் கீழே வைத்தேன். மதினி கடிதத்தைப் படிக்கச்சொல்லிக் கேட்டார். மெட்டுக்குப் பேர் வைப்பது என்றால் என்ன என்று விசாரித்தார். ஊர்ப் பேரோ ஆள் பேரோ எதுவும் வைக்கலாம் என்றேன். எட்டு நாள் இருந்த அந்தக் குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பேரைச் சொன்னார். அண்ணனிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லையாம்.

அங்கேயே பதில் எழுதினேன். மெட்டுப் போட்டவர் பேர், மெட்டின் பேர் இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். உறையை ஒட்டி, பஸ்ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடலாம் என்று சட்டைப்பையில் வைக்கப்போனேன்.

மதினி கையை நீட்டினார். "குடுங்க தம்பி, நானே போட்டுக்கிறேன்."

வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டி, எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார்.